கடவுச்சொல்லுக்குப் பிறகு

அன்றைக்கு நான் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நின்றேன். கோழி களவு போகிறது என்று பண்ணைக்காரர் நான்கு கமரா வாங்கி வைத்திருந்தார். இரண்டைப் பூட்டி முடித்து மூன்றாவதுக்காக ஏணியில் ஏறி நிற்கும்போது நெல்லியடி ஸ்ரூடியோக்காரர் எனக்குப் போன் எடுத்தார். செத்தவீட்டில் கிரியை தொடங்கிவிட்டது, தன்னுடைய கமராவிலிருந்து படம் போகிறது, ஆனால் வெளிநாட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம். பிரேதம் ஒரு மணிக்கு எடுப்பார்கள். அப்போது பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அந்த ஸ்ரூடியோவின் கொம்பியூட்டர்களைப் பார்ப்பது என்னுடைய பல வேலைகளில் ஒன்று. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று எது நடந்தாலும் பாதிச் சொந்தம் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறது. அதனால் படம் எடுக்கும்போதே அங்கேயும் காட்ட வேண்டும். கமராவின் படம் முதலில் ஸ்ரூடியோ மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு கொம்பியூட்டருக்கு வரும். அங்கே ஒரு புரோகிராம் அதை வாங்கி வெளியே அனுப்பும். நான் எங்கே நின்றாலும் என் லப்டொப்பிலிருந்து அந்தக் கொம்பியூட்டருக்குள் போய்ப் புரோகிராமைத் தொடக்கிவிடுவேன். பஸ்ஸில் நின்றுகொண்டு தொடக்கியிருக்கிறேன். முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு இருந்து தொடக்கியிருக்கிறேன். ஒரு மேசைக்கு முன்னால் நாள் முழுக்க இருக்க என்னால் ஏலாது. அதற்காகத்தான் அப்படி அமைத்தேன்.

இறந்தவர் கரவெட்டியில் ஒரு தாய். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் இங்கேதான். மகன் ஐரோப்பாவில் ஆறு வருடமாக விசா கிடைக்காமல் இருக்கிறான். வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போகமுடியாது. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அதற்குப் பெரியப்பாவின் மகன் ஒருவரை ஒழுங்கு செய்தாகிவிட்டது. பார்க்கவாவது வேண்டும் என்று மட்டும் அவன் கேட்டிருந்தான். அவன் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் அதற்கு ஒரு மணித்தியாலம் விட்டிருந்தார்கள்: இங்கத்தைய நேரத்துக்குப் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி. ஆராவது கைப்போனில் காட்டலாமே என்று கேட்கலாம். தங்கச்சிதான் காட்டக்கூடியவள். அவள் கையில் போனைக் கொடுத்தால் அது நிலத்தைத்தான் காட்டும்; அவள் பிரேதப் பெட்டியைப் பிடித்து அழுதுகொண்டு நின்றாள்.

தீவனச் சாக்குகளின் மேல் லப்டொப்பை வைத்தேன். உள்ளே போகக் கேட்டேன். கடவுச்சொல்லைக் கேட்டது. அடித்தேன். நான் கடைசியாக எப்போது உள்ளே வந்தேன் என்று சொல்லும் வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வழக்கத்தில் அடுத்த கணமே என் பெயரைப் போட்டு, என்ன செய்ய வேண்டும் என்று காத்து நிற்கும். இப்போது வெறும் கறுப்பு.

கடவுச்சொல் பிழை என்றால் உடனே சொல்லும். கொம்பியூட்டர் நின்றுபோயிருந்தால் கடவுச்சொல்லையே கேட்டிராது. இது இரண்டும் இல்லை. படலையைத் திறந்து வா என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவனை இரு என்று சொல்லாத வீடு மாதிரி. அப்படியான வீடுகள் எனக்குப் பழக்கம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஏழு வீடுகளில் இருந்தோம். ஐந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஓ.எல். சோதனை எழுதவில்லை. பிறகு வவுனியாவில் ஒரு போன் கடை, கொழும்பில் ஒரு களஞ்சியம், கட்டாரில் கேபிள் இழுக்கிற வேலை. கொம்பியூட்டர் வேலையும் அங்கே சேவர் அறையில் கேபிளைச் சுவரோடு அடித்துக்கொண்டு, மற்றவன் என்ன தட்டுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான். அப்படிப் பழகினவனுக்கு ஒன்று நின்றுபோனால் ஏன் நின்றது என்று யோசிக்க வராது. இன்னொரு விதமாகத் தட்டிப் பார்க்கத்தான் வரும்.

சிக்னல் காணாது என்று நினைத்தேன். லப்டொப்பைக் கையில் ஏந்திக்கொண்டு பண்ணை வேலிக்கு வெளியே வரம்பில் ஏறி நின்றேன். போனில் இருந்த மற்றச் சிம்முக்கு மாற்றினேன். அதோடு லப்டொப் திரையில் திறந்திருந்த முதல் யன்னலின் தொடர்பு அறுந்துவிட்டது. இன்னொன்றைத் திறந்தேன். கடவுச்சொல், அந்த ஒரு வரி, கறுப்பு.

பண்ணைக்காரர் ஏணியைப் பிடித்தபடியே நின்று என்னைப் பார்த்தார்.

"கோழிக்கும் உமக்கும் ஒரே பழக்கம், தம்பி. ஒரு இடத்திலை நிண்டு கொத்த மாட்டியள்."

மூன்றாவது யன்னலில், ஒவ்வொரு படியாக என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகச் சொன்னேன். வரிவரியாக வந்தது. கடவுச்சொல் சரி என்றது. உள்ளே எடுத்தாயிற்று என்றது. அதோடு வாயை மூடிக்கொண்டது. நான்காவதில், இப்படியான சிம் இணைப்பில் பெரிய தரவுப் பொட்டலங்கள் வழியில் தவறிப்போவது உண்டு என்று நினைத்து அளவைக் குறைத்துப் பார்த்தேன். தெல்லிப்பழையில் ஒரு கடையில் இதே மாதிரித் தொங்கியதை அப்படித்தான் தீர்த்திருந்தேன். அது தெல்லிப்பழை. இங்கே சரிவரவில்லை. ஐந்தாவதை ஏன் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. நின்றுபோனதை மூடாமல் அடுத்ததைத் திறப்பது என் கெட்ட பழக்கம்.

மகன் போன் எடுத்தான். அவனோடு நான் முன்னர் கதைத்ததில்லை; ஸ்ரூடியோக்காரர்தான் நம்பரைக் கொடுத்திருக்க வேண்டும்.

"அண்ணை, கறுப்பாக் கிடக்குது."

பார்க்கிறேன் என்றேன்.

"அவசரமில்லை அண்ணை. நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ."

மணி பன்னிரண்டு பத்து. நெல்லியடிக்கு நேரே போய்ப் பார்க்கலாம் என்றால், பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், அங்கேயிருந்து இன்னொரு பஸ் பிடித்து இறங்கும்போது இரண்டு மணி ஆகிவிடும். மோட்டார் சைக்கிளைப் போன வருடம் ஐப்பசி மழைக்கு முன்னமே விற்றுவிட்டேன்.

ஸ்ரூடியோக்காரரின் மனைவிக்குப் போன் எடுத்தேன். ஸ்ரூடியோ முன்னால், வீடு பின்னால். படம் வெட்டி ஒட்டுகிற வேலை முழுக்க அந்த அக்காதான். ஆனால் மேசைக்குக் கீழே இருக்கும் கொம்பியூட்டரை அவர் தொடுவதில்லை. அது என்னுடையது என்று ஒதுக்கிவிட்டார். அடுப்பில் கடலை கிடக்கிறது, கெதியாகச் சொல்லும் என்றார். கீழே இருக்கும் கொம்பியூட்டரில் லைட் எரிகிறதா என்று கேட்டேன். எரிகிறது. பின்னால் வயர் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா? இருக்கிறது. நிப்பாட்டிப் போடட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முன்னர் ஒரு தரம் அப்படிச் செய்து, அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு எழும்ப அரை மணித்தியாலம் போயிருந்தது.

பழைய திரை ஒன்றும் விசைப்பலகையும் கொண்டுவந்து அதற்கு நேரே கொழுவி, அவரையே உள்ளே போகச் சொன்னேன். கடலையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். என் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டி வந்தது. அது ஒரு பஸ் நம்பரும் ஒரு சாப்பாட்டின் பெயரும். நல்லகாலம், பெண்சாதியின் பெயர் இல்லை, அதை நீர் மறந்திருப்பீர் என்றார். எனக்குப் பெண்சாதி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"அடிச்சிட்டன். ஒரு வரி வந்தது. பிறகு நிக்குது."

அவர் கொம்பியூட்டருக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறார். நான் நாற்பது கிலோமீற்றர் தள்ளி நிற்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அப்படியென்றால் சிக்னலும் இல்லை, சிம்மும் இல்லை. இவ்வளவு நேரமும் தூரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு வயலுக்குள் ஓடித் திரிந்திருக்கிறேன்.

அப்போதுதான் முதல் தடவையாக ஏணியின் கீழ்ப்படியில் இருந்து யோசித்தேன். கடவுச்சொல் சரி என்றதும் கொம்பியூட்டர் என்ன செய்யும்? என்னுடைய கோப்புறையைத் திறக்கப் போகும். அந்தக் கோப்புறை கொம்பியூட்டருக்குள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் அதன் டிஸ்க் பழுதாகி மூன்று கலியாண வீடியோ போனது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தனியாக ஒரு டிஸ்க் பெட்டிக்கு மாற்றினேன். படங்கள், அந்தப் புரோகிராம், என் கோப்புறை, எல்லாம் அதற்குள்தான். வேறு பெயரில் உள்ளே போனாலும் தொடக்குவதற்குப் புரோகிராம் இருக்காது. பெட்டி பதில் சொல்லாவிட்டால் பிழை என்று விட்டுவிடாதே, வரும்வரை காத்திரு என்று எழுதி வைத்ததும் நான்தான். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் அதுதான் புத்தி என்று நினைத்தேன்.

"அக்கா, மேசையிலை கறுப்புப் பெட்டி ஒண்டு இருக்குதெல்லே, ரெண்டு வயர் போறது. அதிலை லைட் எரியுதோ?"

"அது மேசையிலை இல்லை, தம்பி."

"எங்கை?"

"சரஸ்வதிக்கு முன்னாலை."

நாள் கிழமை பார்க்கிற ஆள் நானில்லை. அன்றைக்கு நவராத்திரியின் ஒன்பதாம் நாள். புத்தகங்களையும் தொழிற்சாமான்களையும் அன்றைக்குச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தால், அடுத்த நாள் விஜயதசமி விடிய எடுக்கும்வரை தொடமாட்டார்கள். ஸ்ரூடியோவில் ஒவ்வொரு வருடமும் பெரிய கமராவைத்தான் வைப்பது.

"கமராவைச் செத்தவீடு கொண்டுபோட்டுது. பிள்ளையளின்ரை கொப்பி புத்தகத்தை மட்டும் வைச்சு எங்கடை தொழிலை விடுறதோ? நீர்தானே சொன்னனீர், கொம்பியூட்டருக்குள்ளை ஒண்டுமில்லை, எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளைதான் எண்டு. அதுதான் வைச்சனான்."

சொன்னதுதான். பெட்டியைப் பூட்டிய அன்றைக்குப் பெருமையாகச் சொன்னேன்.

நாளைக்கு விடிய எடுத்துத் தரலாம் என்றார். பிறகு கொஞ்சம் குரலைக் குறைத்து, அதுவும் செத்தவீட்டு வேலைக்கு, என்று முடிக்காமல் விட்டார். எனக்கு விளங்கியது. பூசையில் வைத்ததை நாளைக்கு முன்னர் எடுப்பது ஒன்று. சாவுத் துடக்குள்ள வீட்டுக்காக எடுப்பது இன்னொன்று. அந்த அக்கா சாமியறைக்குத் தலை முழுகாமல் போகாதவர். கூடாது என்றதை நான் எடு என்று சொல்ல முடியாது. என் வீடும் இல்லை, என் சாமியறையும் இல்லை.

"அக்கா, பிரேதம் எடுக்க இன்னும் இருவத்தைஞ்சு நிமிசம் இருக்குது," என்றேன். "பொடியன் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறான்."

அவர் போனை வைத்துவிட்டார். கோபமா, அடுப்பா என்று தெரியவில்லை.

என் தகப்பன் செத்தபோது நான் கட்டாரில். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. படம் ஒன்றும் இல்லை. இதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. அவனுக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அதுதான் கஷ்டம். வரம்புக்குப் போனேன், திரும்பி வந்தேன். மூன்றாவது கமராவின் ஆணியை இறுக்கப் போய்ப் பாதியில் விட்டேன். ஸ்ரூடியோக்காரர் போன் எடுத்து, சுண்ணம் இடித்து முடிந்தது, வாய்க்கரிசி போடுகிறார்கள் என்றார். அவருக்கு டிஸ்க் பெட்டியின் கதையைச் சொல்லவில்லை. வாசலில் பறை அடிக்கும் சத்தத்துக்குள் சொல்லியும் கேட்டிருக்காது. மகன் திரும்பவும் போன் எடுத்தான். இன்னும் சரிவரவில்லை என்றேன்; சரி அண்ணை என்று வைத்துவிட்டான். பண்ணைக்காரருக்கு இதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து சாக்குகளுக்குப் பக்கத்தில் போட்டார்.

"கோழியை நான் பாக்கிறன். நீர் உந்த வேலையைப் பாரும்."

நான் இருக்கவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு, ஒன்றையும் தொடாமலே, ஒரு யன்னலில் என் பெயர் வந்தது. பிறகு அடுத்ததில். பிறகு அடுத்ததில். அரை மணித்தியாலத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டு நின்ற நாலும் ஒன்றன்பின் ஒன்றாக, இப்போதுதான் கேட்டது போல, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டன. ஒரு தரம் பிழையாக அடித்தேன். இரண்டாம் தரம் புரோகிராம் தொடங்கியது.

மகனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, தெரியுது," என்றான்.

போனை அவன் வைக்கவில்லை. அவனுடைய பக்கத்தில் ஒரு பெரிய காற்றாடி சுற்றும் சத்தமும் தட்டங்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தமும் கேட்டன. என் திரையிலும் படம் வந்தது. பந்தலுக்குக் கீழே பெட்டி, சுற்றிவரப் பெண்கள்.

"தங்கச்சி மெலிஞ்சு போனாள்," என்றான். பிறகு, "அம்மான்ரை முகத்தைக் கிட்டக் காட்டச் சொல்லேலுமோ?" என்றான்.

என்னிடம் இன்னொரு போன் இல்லை. பண்ணைக்காரரின் போனை வாங்கி ஸ்ரூடியோக்காரருக்கு எடுத்தேன். கமரா ஆட்களை விலக்கிக்கொண்டு கிட்டப் போனது. முகத்தில் நின்றது. ஸ்ரூடியோக்காரர் பத்து வருடம் செத்தவீடு எடுத்தவர். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதைவிடக் கூட நேரம் நின்றார்.

ஒரு மணிக்குப் பெட்டியை மூடித் தூக்கினார்கள். பெண்கள் படலைவரை வந்து நின்றார்கள். தங்கச்சியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கமரா ஒழுங்கையால் பின்னே போய், வீட்டுக் கூரையில் பூட்டிய அன்ரெனா எட்டாத முடக்கில் படம் நின்றுபோனது. ஒருவரின் தோளும் வேலியும் மட்டும் அப்படியே திரையில் நின்றன.

"காணும் அண்ணை. நான் வேலைக்குப் போறன்."

பிறகு அக்காவுக்குப் போன் எடுத்தேன். நான் கேட்க முன்னமே சொன்னார்.

"நான் பெட்டியை எடுக்கேல்லை. வைச்ச இடத்திலைதான் இருக்குது. கரண்டைச் சாமியறைப் பிளக்கிலை குடுத்திட்டு, மற்றதுக்குக் கலியாண மண்டபத்துக்குக் கொண்டுபோற நீட்டு வயரை இழுத்துக்கொண்டுபோய்க் கொழுவினனான். அம்மாளுக்கு முன்னாலை இருந்துகொண்டு வேலை செய்யட்டும்."

நான் நன்றி சொன்னேன். அதற்கு அவர், நேரம் போனதே வயரால் இல்லை, அதற்கு முன்னர் தலை முழுக வேண்டியிருந்தது என்றார்.

மற்ற இரண்டு கமராவையும் பூட்டி முடிக்க நாலு மணியாயிற்று. பண்ணைக்காரர் அரை றாத்தல் ஈரலும் கொடுத்துவிட்டார். அன்றைக்கு நான் இருந்த அறையில் அடுப்பு இல்லை. வழியில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் நெல்லியடிக்குப் போனேன். நீல வயர் ஸ்ரூடியோவிலிருந்து குசினி வாசலைத் தாண்டிச் சாமியறைக்குள் போய்க்கொண்டிருந்தது. முதல்நாள் செத்தவீட்டால் வந்து குளித்துத் தோய்ந்துவிட்டு வரும்போது ஸ்ரூடியோக்காரர் அதில் தடக்கி விழப்பார்த்தாராம். பெட்டி கொப்பிகளின் மேல் இருந்தது. சந்தனமும் குங்குமமும் முன்பக்கத்தில்; காற்றுப் போகும் ஓட்டைகளின் மேல் ஒரு செவ்வரத்தம் பூ. தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. பூவை எடுக்கப் போனேன். பொறும், இன்னும் எடுக்கேல்லை, என்றார் அக்கா. தீபம் காட்டி முடித்து அவரே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். சந்தனத்தைத் துடைக்க விடவில்லை.

நான் மேசைக்குக் கீழே போனேன். என் கோப்புறையையும் புரோகிராமையும் கொம்பியூட்டருக்குள்ளேயே திரும்ப மாற்றினேன். பெட்டி இல்லாவிட்டாலும் என்னை உள்ளே விடு என்று எழுதினேன். இனி அவர் அதைச் சாமியறைக்குக் கொண்டுபோனாலும் கிணற்றடிக்குக் கொண்டுபோனாலும் புரோகிராம் தொடங்கும்.

விஜயதசமியில் தொழிலை நல்ல ஒன்றோடு தொடங்க வேண்டும். அக்கா ஒவ்வொரு வருடமும் ஒரு கலியாணப் படத்தைத்தான் முதலில் திறப்பார். அன்றும் திறந்தார். தாலி கட்டுகிற இடத்தை இரண்டு நிமிடம் ஓடவிட்டார், ஒரு இடத்தில் வெட்டி ஒட்டினார், மூடினார். பிறகு கமராவிலிருந்து கார்ட்டைக் கழற்றித் தரச் சொன்னார். முதல்நாள் காலையிலிருந்தே கமரா தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மகன் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க அதற்குள் இருந்தது. அதை எடுத்து, அவன் பார்த்ததோடு சேர்த்து, ஒரு வெட்டும் இல்லாமல் ஒன்றாக்கினார். இணைப்பை நான் அவனுக்கும் வெளிநாட்டில் உள்ள மற்றச் சொந்தங்களுக்கும் அனுப்பினேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரம் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

அவன் பதில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வாங்கில் இருந்துகொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். கடவுச்சொல்லை அடித்ததும் உள்ளே விட்டது. யார் எப்போது அந்தப் படத்தைத் திறந்தார்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கும். கனடாவிலிருந்து சிலர் திறந்து, ஐந்து பத்து நிமிடத்தில் மூடியிருந்தார்கள். அவன் இருக்கும் நாட்டிலிருந்து ஒரே ஒரு தரம். தொடக்கத்திலிருந்து வேலியும் தோளும் நிற்கிற கடைசி இடம்வரை, நிறுத்தாமல் ஓடியிருந்தது. கொண்டக்டர் கூப்பிட்டார். லப்டொப்பை மூடிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன்.